பின்வளவுக் கொட்டிலுக்கு வைஃபை

"மாட்டுக்கொட்டிலுக்கு வைஃபையோ? மாடு யூரியூப் பார்க்கவோ?"

எங்கள் ஊரில் இதைக் கேட்காத ஆள் இல்லை. கேட்பவர்கள் சிரித்து முடியும்வரை நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, "தண்ணிக்கு அண்ணை" என்பேன். தண்ணி என்ற சொல்லைக் கேட்டதும் தீவுக்காரர் முகம் மாறிவிடும். பிறகு அவர்களே கதிரையை இழுத்துப் போட்டு, "அதென்ன, சொல்லும் பாப்பம்" என்பார்கள். அப்படி வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஊர்காவற்றுறைப் பக்கத்து வளவுகள் நீளமானவை. வீதியோரம் வீடு, வீட்டுக்குப் பின்னால் குசினி, பிறகு முற்றம், நாலைந்து தென்னை, ஒரு முருங்கை, கடைசியில் கிணற்றடி. கிணற்றடியோடு ஒட்டினாற்போல எங்கள் கொட்டில். இடுப்பளவுக்குக் கல்லுச் சுவர், மேலே பனஞ்சிலாகை, தகரக் கூரை. உள்ளே வைக்கோல், பிண்ணாக்குச் சாக்கு, ஒரு மூலையில் தண்ணீர் இறைக்கிற மோட்டர். வீட்டுச் சுவரில் இருந்து கொட்டில் வாசலுக்கு ஏறத்தாழ நாற்பது மீற்றர்.

மோட்டரில்தான் பிரச்சினை. தீவில் கிணற்று நீர் என்பது சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர். அது உவர்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீரை விட உப்புநீர் கொஞ்சம்தான் பாரம் கூடியது. அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து கைபன், ஹெர்ஸ்பேர்க் என்ற இருவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்: கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும். கேட்க நல்லாய்த்தான் இருக்கும். அதையே திருப்பிப் பார்த்தால் வயிறு கலங்கும். மேலே ஒரு அங்குலம் இறங்கினால், கீழேயிருந்து உப்பு நாற்பது அங்குலம் ஏறி வரப் பார்க்கும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடம்பே ஒரு கட்டுப்பாடு. களைத்தால் நிறுத்துவார்கள். மோட்டருக்குக் களைப்பில்லை. சுவிச்சைப் போட்டுவிட்டுப் படலையடியில் ஆரோடோ கதைத்துக்கொண்டு நின்றால், தாங்கி நிரம்பி வழியும், கிணறு அடி தட்டும், அடுத்த நாள் தேத்தண்ணியில் உப்புக் கரிக்கும். ஒருமுறை கரிக்கத் தொடங்கிய கிணறு பழைய நிலைக்கு வர நல்ல மாரி ஒன்றாவது வேண்டும்.

ஆக எனக்கு வேண்டியது இவ்வளவுதான். வீட்டில் இருந்தபடி மோட்டரைப் போடவும் நிறுத்தவும் வேண்டும். தாங்கியில் தண்ணி எவ்வளவு, கிணற்றில் எவ்வளவு என்று போனில் தெரிய வேண்டும். ஆரும் மறந்துபோனால் மோட்டர் தானாய் நிற்க வேண்டும். வீட்டுக்குள் ஏற்கனவே ஸ்மார்ட் விளக்கு, ஸ்மார்ட் பிளக் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. கொட்டிலுக்கு மட்டும் சிக்னல் போகவில்லை.

கடைக்குப் போனால் உடனே ஒரு பெரிய றவுட்டரைக் காட்டுவார்கள். சிலந்தி மல்லாந்து கிடப்பதுபோல ஆறு அன்ரெனா. "இது வளவு முழுக்க அடிக்கும் தம்பி." வாங்காதீர்கள். பிரச்சினை தூரம் இல்லை.

2007இல் வெனிசுவேலாவில் எர்மன்னோ பியெத்ரோசெமோலி என்ற பொறியியலாளர், மென்பொருளை மாற்றிய சாதாரண வைஃபை றவுட்டர்களையும் பெரிய டிஷ் அன்ரெனாக்களையும் வைத்து, ஒரு மலையில் இருந்து இன்னொரு மலைக்கு 382 கிலோமீற்றர் தூரம் இணைப்புக் கொடுத்துக் காட்டினார். பருத்தித்துறையில் நின்று வைஃபை அடித்துத் தெய்வேந்திரமுனையை நெருங்குவது மாதிரியான தூரம் அது. அதோடு பார்க்கும்போது எங்கள் முற்றம் எம்மாத்திரம்? வெறும் காற்றில், 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை நாற்பது மீற்றர் போனால் ஏறத்தாழ 72 டெசிபெல் இழக்கும். சாதாரண றவுட்டர் 100 மில்லிவாற்றில் அனுப்பினால், மிச்சம் கொட்டிலடியில் நிற்பது மைனஸ் 52 டிபிஎம் அளவில். அது அருமையான சிக்னல். பக்கத்து அறையில் இருப்பது போலத்தான்.

அப்படியென்றால் எங்கே தொலைகிறது? சுவரில்தான். எங்கள் வீடு பழைய வீடு. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர், கை முழம் தடிப்பு. அலை வெளியே வர இப்படிப்பட்ட சுவர் இரண்டைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு 10 டெசிபெல் இழப்புக்கும் பலம் பத்தில் ஒன்றாகிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடித்த கல்சுவர் அதைவிடக் கூடத் தின்னும். பிறகு குசினியின் தகரத்தில் பட்டுத் தெறிக்கும். மழைக்காலத்தில் நனைந்த கிடுகும் முருங்கை இலையும் தங்கள் பங்கை எடுக்கும், தண்ணீர் இந்த அலையை விழுங்கும். கடைசியில் கொட்டிலுக்குள் போய்ச் சேர்ந்தால், அங்கே சுவிச் இருப்பது மோட்டரின் இரும்பு ஸ்ரார்ட்டர் பெட்டிக்குள். இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய வைஃபைச் சுவிச் எந்த றவுட்டருக்கும் பதில் சொல்லாது. ஆறு அன்ரெனா இல்லை, அறுபது வைத்தாலும் சொல்லாது.

இன்னொன்று. கொட்டிலடியில் போனை எடுத்துப் பார்த்தால் இரண்டு கோடு காட்டும். "சிக்னல் இருக்குத்தானே, ஏன் வேலை செய்யேல்லை?" என்று எல்லாரும் கேட்பார்கள். கோயில் லவுட்ஸ்பீக்கர் எங்கள் கிணற்றடிவரை வடிவாய்க் கேட்கும். கிணற்றடியில் நின்று நாங்கள் கத்தினால் ஐயருக்குக் கேட்காது. போனில் தெரிகிற கோடு லவுட்ஸ்பீக்கரின் பக்கம் மட்டும். றவுட்டருக்கு நல்ல அன்ரெனா உண்டு. சுவிச்சுக்குள் இருக்கும் சில்லுக்கு நகக்கண் அளவில் ஒரு செப்புக் கோடுதான் அன்ரெனா. பேச்சு இருபக்கமும் போனால்தான் இணைப்பு. பெரிய றவுட்டர் வாங்குவது லவுட்ஸ்பீக்கரைக் கூட்டி வைப்பது, அவ்வளவுதான்.

ரிப்பீற்றர் என்று விற்கிறார்களே, அந்தச் சுவரில் செருகுகிற சின்னப் பெட்டி? அது கெட்ட சாமான் இல்லை. ஆனால் எல்லாரும் சிக்னல் இல்லாத இடத்தில் கொண்டுபோய்ச் செருகுவார்கள். இல்லாததைத் திருப்பிச் சொல்ல அதால் எப்படி முடியும்? சிக்னல் நல்லாய் இருக்கிற கடைசி இடத்தில் வைக்க வேண்டும். எங்கள் வளவில் அந்த இடம் முருங்கை மரம். முருங்கையில் பிளக் பொயின்ற் இல்லை. மெஷ் என்று மூன்று பெட்டி சேர்த்து விற்பதற்கும் இதே கதைதான். நடுவில் ஒரு பெட்டிக்குக் கறண்ட் வேண்டும், அதுவும் மழை படாத இடத்தில்.

உண்மையில் முதல் வைத்தியம் மிகவும் மலிவானது. றவுட்டரில் இருந்து ஒரு நெற்வேர்க் வயரைச் சுவர் துளைத்து வெளியே கொண்டுவந்து, பின்பக்கத் தாழ்வாரத்தின் கீழ், வெளியிடத்துக்கென்று செய்த ஒரு சின்ன அக்செஸ் பொயின்றை, அதாவது வைஃபை பரப்பும் பெட்டியைப் பொருத்துவது. இரண்டு கல்சுவரும் கணக்கில் இருந்து போய்விடும். கொட்டில் ஓலைக் கொட்டிலாகவும் உள்ளே இரண்டு விளக்கும் ஒரு பிளக்கும் மட்டும் இருந்தால், இதோடு இந்தப் பதிவை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பாதிப்பேருக்கு இது போதும். தகரமும் இரும்புப் பெட்டியும் உள்ளவர்கள் தொடர்ந்து வாசிக்கலாம்.

அடுத்த யோசனை வயர். எந்த நாட்டு நெற்வேர்க்காரரைக் கேட்டாலும் வயரைப் போல வராது என்பார்கள், உண்மையும் அதுதான். கற்-6 வயர் 100 மீற்றர்வரை தாங்கும், நாற்பது மீற்றர் அதற்கு ஒன்றுமில்லை. மண்ணைக் கிண்டிப் புதைக்க வேண்டும் என்ற இடத்தில்தான் தீவு சிரிக்கும். ஒரு சாண் மண், அதற்குக் கீழே கல்லு. அலவாங்கு போட்டால் பொறி பறக்கும். குழாய் புதைக்க வந்தவர் ஒரு பின்னேரம் கிண்டிப்போட்டு, "தம்பி, இதுக்கு நான் கிணறே வெட்டித் தருவன்" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மேலால் இழுக்கலாம். ஆனால் ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செப்பு வயர் இழுக்கும்போது இடியை நினைக்க வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் வடக்கில் இடி எப்படி விழும் என்று மொட்டையாய் நிற்கும் பனைகள் சொல்லும். கிட்ட எங்கேயாவது மின்னல் இறங்கினால், வீட்டு நிலமும் கொட்டில் நிலமும் ஒரு கணத்துக்கு வேறு வேறு வோல்ற்றேஜில் நிற்கும். அந்த வித்தியாசம் ஓட வழி தேடும்போது நீங்கள் இழுத்த செப்பு வயர் இருக்கும். இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகள் கருகும்.

இதற்குச் சரியான மருந்து பைபர். வெறும் கண்ணாடி நூல், மின்சாரம் அதில் ஓடாது. வீடுகளுக்கு இன்ரநெற் கொண்டுவருகிறார்களே, அந்தக் கறுப்பு மெல்லிய வயர் சாதிதான். இரண்டு முனையும் பொருத்தியே விற்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒளியை மின்னாக மாற்றும் சின்னப் பெட்டி ஒவ்வொன்று. மேலால் இழுக்க நல்ல இரண்டு தூண் உங்கள் வளவில் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு பைபரைப் போடுங்கள். எங்கள் வளவில் குறுக்கே தென்னை. ஒரு மட்டை விழுந்தால் வயரோடு தாழ்வாரமும் வரும்.

ஆகவே நாங்கள் போனது மூன்றாவது வழி: இரண்டு சின்னத் தட்டுகள். ஆங்காங்கே கோபுரங்களில் பெரிதாகக் காண்பீர்களே, அதன் குட்டி வடிவம். உள்ளங்கையை விரித்த அளவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் பெட்டி. ஒன்று வீட்டுத் தாழ்வாரத்தில், மற்றது கொட்டில் முகட்டில், ஒன்றையொன்று பார்த்தபடி. இரண்டும் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் தங்களுக்குள் மட்டும் கதைக்கும். ஸ்மார்ட் சாமான்களில் பெரும்பாலானவைக்கு 2.4 மட்டும்தான் விளங்கும் என்பதால், கொட்டிலுக்குள் ஒரு மலிவு அக்செஸ் பொயின்ற் 2.4இல் சிக்னல் கொடுக்கும். இரண்டும் வேறு வேறு அலைவரிசை என்றபடியால் ரிப்பீற்றர்போல வேகம் பாதியாகாது. விலையில் அந்த ஆறு அன்ரெனா றவுட்டரைவிடக் குறைவாகவே முடிந்தது. வாங்கும்போது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற சாமானா என்று கேட்டு வாங்குங்கள். வெளியில் இருந்து தபாலில் எடுப்பித்தால் சுங்கத்தில் நின்றுவிடும்.

ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்றால் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைப்போம். அலை நூல் பிடித்ததுபோலப் போவதில்லை, நடுவில் பருத்துப் போகும். நாற்பது மீற்றரில், 5.8 கிகாஹேர்ட்ஸில், நடுப்பகுதியில் சுற்றிவர ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் வெளி வேண்டும். 2.4 என்றால் ஒரு மீற்றருக்கும் மேல். அதில் பாதிக்குச் சற்றுக் கூடவாவது தடையில்லாமல் இருந்தால் போதும். கோடையில் பூட்டினால் எல்லாம் நல்லாய்த் தெரியும். ஐப்பசி மழை விழுந்ததும் முருங்கை தளைக்கும், ஈர இலை அந்த வெளிக்குள் தலையை நீட்டும். ஆகையால் பூட்டும்போதே மரம் எப்படி வளரும் என்று பார்த்து உயரத்தைத் தீர்மானியுங்கள். அம்மாவிடம் முருங்கையின் ஒரு கொப்பை வெட்டக் கேட்டேன். "வைஃபைக்காக முருங்கை வெட்டின வீடு எங்கடை வீடாத்தான் இருக்கும்" என்றா. தட்டை இரண்டு முழம் உயர்த்தினோம்.

இனி உப்பு. கரையில் இருந்து கொஞ்சத் தூரம் என்றாலும் காற்றோடு வந்து படியும். கடையில் தருகிற இரும்புக் கிளாம்பு முதல் மாரியிலேயே சிவக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்பைத் தேடி வாங்குங்கள். குருநகர்ப் பக்கம் வள்ளச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், கடற்தொழிலாளருக்கு உப்போடு எப்படிச் சீவிப்பது என்று தெரியும். வயர் பெட்டிக்குள் நுழையும் துளை கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். நுழையுமுன் வயரை ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள், மழைநீர் வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும், உள்ளே ஏறாது. துளையைச் சுற்றித் தன்னோடு தானே ஒட்டுகிற றப்பர் ரேப். இதை இவ்வளவு விலாவாரியாக ஏன் சொல்கிறேன் என்றால், பல்லி. கொட்டில் பக்கத்துப் பெட்டியை ஒருநாள் திறந்தேன். உள்ளே, மின் பலகையின் சூட்டில், பட்டாணிக் கடலை அளவில் இரண்டு வெள்ளை முட்டை. பக்கத்தில் ஒரு பழைய கோது. அதன் ஓரத்தில் இருந்து ஒரு பச்சைக் கறை, செப்பு முனை வரைக்கும் மெல்லக் கோடு போட்டு வந்திருந்தது. பென்சில் நுழையும் துளை போதும் பல்லிக்கு. அன்றிலிருந்து ஒரு துளையையும் சும்மா விடுவதில்லை.

சிக்னல் கதை இவ்வளவுதான். ஆனால் சிக்னலை ஒழுங்காக்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்குத் தேனியில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும், அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரோடு வேலை செய்த ஆராய்ச்சிக் குழுவும் 2000களின் நடுப்பகுதியில் ஒரு வேலை செய்தன. சுற்றுவட்டார ஊர்களில் சின்னக் கண் நிலையங்கள். அங்கே தாதி நோயாளியைப் பரிசோதிப்பார், தேனியில் இருக்கும் வைத்தியர் வீடியோவில் கதைப்பார். இரண்டையும் இணைத்தது வைஃபை. சாதாரண வைஃபை ஒரு செய்தியை அனுப்பிவிட்டு, கிடைத்தது என்ற பதிலுக்குக் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். கிலோமீற்றர் கணக்கில் போனால் பதில் பிந்தும், கிடைக்கவில்லை என்று நினைத்துத் திருப்பித் திருப்பி அனுப்பும். அதனால் இரண்டு முனையும் முறை வைத்துக் கதைக்கும்படி மென்பொருளையே மாற்றி எழுதினார்கள். அது வெற்றி. ஆனால் சில வருடம் நடத்திப் பார்த்த அனுபவத்தை 2008இல் எழுதியபோது, அவர்கள் அதிகம் அழுதது அலையைப் பற்றி அல்ல, கறண்டைப் பற்றி. வோல்ற்றேஜ் திடீரென எகிறி றவுட்டரைச் சுடும். தாழ்ந்து போனால் பெட்டி பாதி உயிரோடு மாட்டிக்கொண்டு நிற்கும். பற்றறி அடிவரை வற்றிச் செத்துப்போகும். ஆரோ பிளக்கைக் கழற்றிவிட்டுப் போவார்கள். ரேடியோ பிழைத்தது என்று அவர்கள் முதலில் நினைத்தவற்றில் பல, தேடிப் போனால் கறண்ட் பிழைத்ததாகவே இருந்தது.

இலங்கையில் இருப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கறண்ட் இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடு முழுக்க இருண்டது என்றார் மின்சக்தி அமைச்சர். கொட்டில் இணைப்பில் இப்போது மூன்று இடத்தில் கறண்ட் வேண்டும்: வீட்டு றவுட்டர், வீட்டுத் தட்டு, கொட்டில் தட்டு. ஒன்று விழுந்தால் எல்லாம் விழும். 2022க்குப் பிறகு கடைக்குக் கடை வந்த 12 வோல்ற் மினி யூபிஎஸ் இதற்கு நல்லாய்ப் பொருந்தும். தட்டுகள் சில வாற்றுக்கு மேல் எடுப்பதில்லை. கொட்டிலில் நாங்கள் போட்டது ஒரு சின்னச் சோலார்த் தகடும், குறைந்தால் தானாய்த் துண்டிக்கிற கட்டுப்படுத்தியோடு ஒரு பற்றறியும். அந்தத் துண்டிப்பான் இல்லாமல் பற்றறி வாங்க வேண்டாம். தேனிக்காரர் பட்டது போதும்.

இப்போது உண்மையான விசயத்துக்கு வருகிறேன். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் என்ன நடக்கும்? வீட்டில் இருந்து "நிறுத்து" என்று சொன்ன கட்டளை போய்ச் சேராது. மோட்டர் ஓடும். கிணறு வற்றும். எதற்காக இவ்வளவும் செய்தோமோ அதே கேடு, இந்த முறை ஸ்மார்ட்டாக நடக்கும். அதனால் எங்கள் வீட்டில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. மோட்டரைப் போடுகிற கட்டளை எங்கிருந்தும் வரலாம். நிறுத்துகிற முடிவு கொட்டிலுக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டும், வைஃபையையோ இன்ரநெற்றையோ கேட்காமல்.

செய்வது கடினமில்லை. தாங்கியில் ஒரு மிதவைச் சுவிச், கிணற்றில் ஒன்று. இரண்டையும் வயரால் நேரே மோட்டரின் கொன்ராக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிச்) சுருளுக்குத் தொடராகக் கொடுங்கள். தாங்கி நிரம்பினாலும் கிணறு இறங்கினாலும் சுற்று அறும், மோட்டர் நிற்கும். இதில் மென்பொருள் இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. மூன்றாவது காவல் அந்த ஸ்மார்ட் சுவிச்சுக்குள்ளேயே: எப்போது போட்டாலும் கால் மணித்தியாலத்தில் தானே அணைய வேண்டும். நான் பாவிப்பது ஈஎஸ்பி32 சில்லு, ஈஎஸ்பிஹோம் மென்பொருள், வீட்டில் ஒரு சின்னக் கணினியில் எல்லாவற்றையும் ஒன்றாய் நடத்தும் ஹோம் அசிஸ்டன்ட். இந்த நேரக் கணக்கு சில்லுக்குள் எழுதப்பட்டிருக்கிறது, வீட்டுக் கணினி செத்தாலும் அது ஓடும். வெளிநாட்டுச் சேவரைக் கேட்டுத்தான் அணைவேன் என்று அடம்பிடிக்கும் சுவிச்சுகளை விளக்குக்குப் பாவியுங்கள், மோட்டருக்கு வேண்டாம்.

கொன்ராக்டர் என்றேன், அதைத் தவிர்க்கவே கூடாது. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஐந்து அம்பியர் அளவில்தான் எடுக்கும். தொடங்கும் கணத்தில் அதன் ஐந்தாறு மடங்கு. 10 அம்பியர் என்று எழுதிய ஸ்மார்ட் சுவிச்சின் உள்ளே இருக்கும் முனைகள் அந்த உதையில் ஒருநாள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் போனில் "அணைந்தது" என்று காட்டும், மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும். சுவிச் கொன்ராக்டரை இயக்கட்டும், கொன்ராக்டர் மோட்டரை இயக்கட்டும். இந்த வேலைக்கு ஒரு நல்ல மின்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள், கிணற்றடி ஈரத்தில் பரீட்சார்த்தம் வேண்டாம். இன்னொரு சின்ன அமைப்பு, பலர் கவனிப்பதில்லை: கறண்ட் போய்த் திரும்பி வரும்போது சுவிச் எந்த நிலைக்கு வரும்? பல சுவிச்சுகள் "முன்னிருந்த நிலை" என்று வரும். இரவு இரண்டு மணிக்குக் கறண்ட் வரும், ஆளில்லாமல் மோட்டர் எழும்பும். அதை "எப்போதும் அணைந்த நிலை" என்று மாற்றிவிடுங்கள்.

தாங்கியின் நீர்மட்டம் பார்ப்பது போன்ற சின்ன வேலைக்கு ஸிக்பீ என்ற வயர்லெஸ் வகை நல்லது, பற்றறியில் மாதக்கணக்கில் ஓடும். அது ஒரு பிளக்கில் இருந்து அடுத்த பிளக்குக்குத் தாவித் தாவிப் போகும் சாதி. எங்கள் நாட்டில் ஒவ்வொரு பிளக்குக்கும் சுவரில் ஒரு சுவிச் உண்டு, எங்கள் பெரியவர்களுக்கு வேலை முடிந்ததும் அதை அணைக்கும் பழக்கமும் உண்டு. ஆச்சி குசினிச் சுவிச்சை அணைத்தால் தாங்கி ஊமையாகும். ஆச்சியை மாற்ற முடியாது, பிளக்கை ஆச்சிக்கு எட்டாத இடத்துக்கு மாற்றலாம்.

வெளிநாட்டு உறவுகள் அன்போடு கொண்டுவருகிற சாமான்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரொறொன்ரோவில் இருந்து வரும் ஸ்மார்ட் பிளக் 120 வோல்ற்றுக்குச் செய்தது. இங்கே 230இல் செருகினால் புகைதான். ஸீ-வேவ் என்ற வகை இன்னும் சிக்கல்: வட அமெரிக்காவில் அது 908 மெகாஹேர்ட்ஸ், ஐரோப்பாவில் 868. கனடா மாமாவின் கதவுணரியும் சுவிஸ் மச்சானின் சுவிச்சும் ஒரே மேசையில் இருந்தாலும் ஒன்றோடொன்று கதைக்காது. வைஃபையும் ஸிக்பீயும் உலகமெங்கும் 2.4 என்றபடியால், கேட்பவர்களிடம் நான் சொல்வது: பற்றறியில் ஓடுகிற ஸிக்பீ உணரி கொண்டு வாருங்கோ, பிளக் இங்கேயே வாங்குகிறம்.

நெடுந்தீவில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் ஆட்டுப் பட்டிக்கு இதே ஒழுங்கைச் செய்ய ஆசைப்படுகிறார். அங்கே சில விசயம் எங்களைவிட லேசு. வளவுக்கு வளவு அடுக்கிய பவளக்கல் வேலி இடுப்பு, நெஞ்சு உயரம்தான். கூரை உயரத்தில் தட்டை வைத்தால் குறுக்கே ஒன்றும் இல்லை, அந்த வெட்டை வெளியில் பனையை மட்டும் பார்த்தால் போதும். அந்தத் தீவில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு ஒன்று இன்னும் நிற்கிறது. யாழ்ப்பாணக் கோட்டைக்குச் செய்தி போனது புறாக் காலில் என்று சொல்வார்கள். நண்பர் அதைக் காட்டி, "எங்களுக்கு வயர்லெஸ் புதுசில்லை" என்பார். அவருக்குக் கடினம் கறண்டில். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் மின்வலையில் இல்லை, டீசல் மின்பிறப்பாக்கிதான். இந்த மூன்று தீவுக்கும் காற்று, சூரியன், பற்றறி சேர்ந்த கலப்பு மின்திட்டம் முதலில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போய், இந்தியா முகம் சுளித்து, பிறகு இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் நன்கொடையாக மாறி, 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தமானது. 530 கிலோவாற் காற்று, 1,700 கிலோவாற் சூரியன். அது எப்படியும் இருக்கட்டும், பட்டியின் பெட்டிகளைத் தீவின் கறண்டில் தொங்கவிடாமல் முதலிலேயே சின்னச் சோலாரில் போடச் சொல்லியிருக்கிறேன். இன்ரநெற்றுக்கு 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் செய்மதி இணைப்பை யோசிக்கிறார். ஆட்டுப் பட்டிக்கு அது தேவையே இல்லை. விளக்கும் கதவும் வளவுக்குள்ளேயே கதைத்துக்கொள்ளும்.

இன்ரநெற் தேவைப்படுவது கமராவுக்கு. தீவுகளில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, உரிமையாளர்கள் பாரிஸிலும் ரொறொன்ரோவிலும் இருந்து கமராவில் படலையைப் பார்க்கிறார்கள். எங்கள் கொட்டிலிலும் கனடா மாமாவுக்காக ஒன்று பூட்டினோம். ஒரு கமரா செக்கனுக்கு 2 மெகாபிட் அனுப்பினால் மணித்தியாலத்துக்கு 900 மெகாபைற், நாளொன்றுக்கு 21 கிகாபைற்றுக்கு மேல். சிம் போட்ட றவுட்டரில் மாத டேட்டா ஒரு கிழமையில் முடியும். கமராவுக்குள்ளேயே மெமரி காட் போட்டு அங்கேயே பதியவிட்டு, ஆரும் நடமாடினால் மட்டும் படம் அனுப்பும்படி வையுங்கள்.

நடமாட்டம் என்றால் அதற்குச் சிலந்தியும் நடமாட்டம்தான். இரவில் கமராவின் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை கண்ணாடிக்கு முன்னால் வெள்ளையாய் ஆடும். மாமாவுக்கு அங்கே பகல், வேலைத்தலத்தில் போன் அலறிக்கொண்டே இருக்கும். கமராவின் சொந்த விளக்கை அணைத்து, கொஞ்சம் தள்ளி வளையில் அதே வகை விளக்கொன்றைத் தனியாகப் பூட்டினோம். பூச்சி இப்போது அங்கே போகிறது. தும்புத்தடியால் வலை தட்டுகிற வேலை மட்டும் இன்னும் என்னிடம்தான்.